இலை விரியுமுன்

ஆகஸ்ட் 18, திங்கள்

கக்கூஸ் மறுபடி அடைத்துக்கொண்டது. காலையில் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தேன். ஊற்றிய தண்ணீர் அப்படியே திரும்பி வாசல்வரை வந்து என்னை விசாரித்துவிட்டுப் போனது. செப்டிக் டேங்க் ஆள் வந்து மூடியைப் பெயர்த்து, உள்ளே கம்பை விட்டுச் சுழற்றி, ஒரு கத்தை வேரை இழுத்து வெளியே போட்டார். "டேங்க் பூரா சடை புடிச்சுக் கெடக்கும்மா. மரத்த எடுக்காம நான் எத்தன வாட்டி வந்தாலும் இதே கததான்" என்றார்.

நாங்கள் வைத்த மரம் இல்லை அது. நான் கல்யாணமாகி அம்பையில் இந்த வீட்டுக்கு வந்த வருஷம், பின்பக்கம் குளியலறைச் சுவர் விரிசலில் இரண்டு இலை தெரிந்தது. அரசங்கன்று. பிடுங்கட்டுமா என்று கேட்டேன். "காக்கா போட்டது, கெடந்துட்டுப் போவுது" என்றார் இவர். கிடந்தது. இப்போது என் தொடைத்தண்டி இருக்கிறது. சுவர் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு தள்ளி நிற்கிறது. விரிசல் குளியலறையைத் தாண்டி நாங்கள் படுக்கிற அறையின் மூலைவரை வந்துவிட்டது. மண் கிடையாது, தண்ணீர் விட்டவர் கிடையாது, வேண்டும் என்று கேட்டவர் கிடையாது. சுண்ணாம்பையும் செங்கலையும் தின்று வளர்ந்திருக்கிறது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல்.

இந்த டைரி உரக்கடையில் இவருக்குக் கொடுத்தது. மாதாமாதம் தேதியைக் குறித்துவா என்று டாக்டரம்மா சொன்னதால் என் கைக்கு வந்தது. மாதத்துக்கு ஒரு சிவப்பு வட்டம், மற்றதெல்லாம் வெள்ளைப் பக்கம். நல்ல தாள், வீணாகப் போகிறது. இனி மரத்தின் கதையை இதில் எழுதுகிறேன். அதற்காவது ஒரு முடிவு வரட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

இவர் டூட்டி முடிந்து வந்தார். பஸ் கண்டக்டர். பெயர் ஆவுடையப்பன். நாள் முழுக்க "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டுக்குள் வந்தால் பேச்சு வராது. சாப்பாடு போட்டுக்கொண்டே மரத்தை வெட்ட ஆள் பார்க்கச் சொன்னேன்.

"வெட்டித்தான் ஆவணுமா? கொம்பக் கழிச்சு விட்டா போதாதா?"

"கொம்பா டேங்குக்குள்ள போயிருக்கு?"

ரசத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "அரசாச்சே" என்றார்.

"அரசுன்னா என்ன? சாமியாவது பூதமாவதுன்னு நீங்கதான பேசுவிய?"

"சும்மா சொன்னேன்" என்று எழுந்துவிட்டார். கை கழுவி வந்து, டிக்கெட் பையின் வார் அறுந்துவிட்டது, ஒரு தையல் போட்டுக்கொடு என்றார். பழைய வார் தோல், ஊசி இறங்கவில்லை. கான்வாஸ் துணியை மடித்துப் புது வார் தைத்துக் கொடுத்தேன். பழசைத் தூரப் போடச் சொன்னேன். சரி என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

செய்தி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. கோமு மதினி சுவருக்கு அந்தப் பக்கம் கல்லைப் போட்டு ஏறி நின்று தலையை நீட்டினாள்.

"ஏட்டி உலகு, அரச வெட்டப் போறியாமே? வம்சத்துக்கு ஆவாதுட்டி."

"இல்லாத வம்சத்துக்கு இனி என்னத்த மதினி ஆவப்போவுது?"

"அப்படிப் பேசாத. எம் மவ சிவகாமி இந்தப் பக்கம் நின்னு செம்புத் தண்ணி ஊத்திட்டுத்தான வந்தா? இப்பப் பாரு, ஏழாம் மாசம். நீயும் சுத்தி வாயேன். ஒன் வீட்டு மரம்."

சுற்றி வருவதற்கு என்ன இருக்கிறது? ஒரு பக்கம் எங்கள் குளியலறை, மறுபக்கம் மதினி வீட்டு மாட்டுத் தொழுவம். பிள்ளை வரம் கேட்டு இந்த மரத்தைச் சுற்ற வேண்டுமானால் வழியில் இரண்டு மாட்டிடமும் ஒரு கக்கூஸிடமும் உத்தரவு கேட்க வேண்டும். இதைச் சொன்னேன். மதினி சிரித்துவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை.

எனக்கு நிற்காமல் இல்லை. மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. கடைசித் தடவை இவர் டெப்போ முழுக்க அல்வா கொடுத்தார். அப்புறம் டெப்போ முழுக்க "ஒய்ஃப் எப்படி இருக்காக?" என்று கேட்டது. அந்த ஒரு மாதம் இவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

துணி காயப்போடப் போனவள் பார்த்தேன். மரத்தில், எங்கள் பக்கத்துக் கிளையில், இலைக்குள் மறைவாக ஒரு தொட்டில். பிள்ளை வேண்டிக் கோயில் மரங்களில் கட்டுவார்களே, அது போல. உள்ளங்கை அகலம். ரோஸ் நிற லைனிங் துணி. என் தையல் மெஷின் அடியில் கிடக்கும் வெட்டுத்துணிதான். கிளையில் கட்டியிருந்தது ஏதோ ஒரு தோல் வார்.

ஆத்திரமாக வந்தது. மதினியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எம் பிள்ள மேல சத்தியமா நான் இல்லட்டி" என்றாள். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிற யாரோ ஒருத்திதான் என் மேல் இரக்கப்பட்டு, என் துணியையே எடுத்துக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம். அறுத்து எடுத்தேன். அடுப்பில் போடத்தான் நினைத்தேன். நுனியெல்லாம் உள்மடித்து, தையல் தெரியாதவர் கையால் சிரமப்பட்டு ஓட்டியிருந்த தையல். மெஷின் டிராயரில் போட்டு மூடிவிட்டேன்.

இவர் சாயங்காலம் வந்ததும் பின்பக்கம் போய் வெகுநேரம் முகம் கழுவினார். தொட்டிலைப் பற்றிச் சொன்னேன். "அப்படியா" என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

இந்த மாதம் வட்டம் போடவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மருந்துக்கடையில் அட்டை வாங்கிவந்து பார்த்தேன். இரண்டு கோடு.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. இவரிடம்கூட. மூன்று மாதம் தாண்டட்டும், அப்புறம் நானே அல்வா கிண்டிக் கொடுக்கிறேன். அதுவரை இந்தத் தாளுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மரம் வெட்ட ஆள் வருகிறது. இவர்தான் கயிறு பிடிக்க வேண்டும். மனைவி உண்டாகியிருந்தால் புருஷன் மரம் வெட்டக்கூடாது என்பார்கள். சொன்னால் இவர் கயிற்றைத் தொட மாட்டார். அப்புறம் மரம் நிற்கும், கக்கூஸ் அடைக்கும், படுக்கையறைச் சுவர் பிளக்கும், காரணம் கேட்டுத் தெரு முழுக்க வரும். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. பிறக்கப்போகிற பிள்ளைக்கு நல்ல சுவரும் அடைக்காத கக்கூஸும் வேண்டும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மரம் விழுந்தது.

வெட்ட வந்தவர் சுடலைக்கண்ணு அண்ணாச்சி. அரசு என்றதும் இரண்டு பேர் கையை விரித்த பிறகு கிடைத்தவர். அவரும் சும்மா வெட்டவில்லை. எலுமிச்சம்பழம், தேங்காய், சூடம் கேட்டார். "வீட்டுப் பொம்பள தட்டப் புடிக்கணும்" என்றார். அந்தச் சந்தில் நிற்க ஏது இடம்? மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் தட்டைப் பிடித்தேன். அண்ணாச்சி மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். என் தோளுக்குப் பக்கத்தில். கண்ணை மூடி, விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"இதுல குடியிருக்கவுக யாரா இருந்தாலும் கோவிச்சுக்காதிய. இந்த எடம் இனி ஒங்களுக்கு ஆவாது. எறங்கி, வேற எடம் பாத்துப் போயிருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எறும்புக்குத் தமிழ் தெரியுமா அண்ணாச்சி?" என்றேன்.

"யாருக்குத் தெரியுமோ அவுக கேட்டுக்கிடட்டும் தாயி" என்றார் அவர்.

கோமு மதினி தொழுவத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணாச்சி ஏறிக் கிளைகளைக் கழித்தார். பிறகு அடித்தூரில் வெட்டினார். இவர் வாசல்பக்கம் நின்று கயிற்றைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்தது. இவர் கயிற்றை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன அண்ணாச்சி, இவ்வளவு பாலு" என்றார். "அரசுலா, வரத்தான் செய்யும். இழுங்க" என்றார் சுடலைக்கண்ணு. இழுத்தார். விழுந்தது. பட்டென்று வெளிச்சம் வந்து குளியலறைக்குள் அடித்தது. எனக்கு அந்த வெளிச்சம் பிடித்திருந்தது.

டேங்க் பக்கம் தோண்டிப் பெரிய வேர்களை அறுத்து எடுத்தார். சுவருக்குள் இருக்கிற தூரை எடுத்தால் சுவரே விழுந்துவிடும் என்று அதை மட்டும் விட்டுவிட்டார். போகும்போது சொன்னார்: "இது இத்தோட போவாது. ஒரு துண்டு வேரு கெடந்தாலும் துளிரு விடும். உப்பு வைங்க, பெருங்காயம் வைங்க, வேண்டாங்கல. ஆனா ஒண்ணு, துளிரு வர வரக் கிள்ளிரணும். இலை விரிய விட்ராதிய. விரிஞ்சா அது வேருக்குச் சோறு அனுப்பிரும். கிள்ளிக்கிட்டே இருந்தா வேரு ஒரு நாள் அலுத்துப் போவும். அப்ப விட்ரும்."

செப்டம்பர் 17, புதன்

தூரில் துளை போட்டு, கல்லுப்பும் கட்டிப் பெருங்காயமும் திணித்துக் களிமண்ணால் பூசினேன். பெருங்காயம் வைத்தால் எந்த மரமும் பட்டுப்போகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மரம் படுகிறதோ இல்லையோ, கை நாறுகிறது. தைத்த பிளவுஸை வாங்க வந்த டீச்சர் முகர்ந்து பார்த்து, "என்ன உலகு, சாம்பார் வாசம் வருது" என்றார். எனக்கோ அந்த வாசம் பட்டாலே குமட்டுகிறது. வாசலுக்குப் போய் வாந்தி எடுத்தேன். வாந்தி எடுத்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்டவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செப்டம்பர் 25, வியாழன்

தூரின் ஓரத்தில் மூன்று துளிர், செம்பு நிறம். கிள்ளினேன். நகக்கண்ணில் பால்.

கோமு மதினி பப்பாளி கொடுத்தாள். பிடிக்காது என்று திருப்பிக் கொடுத்தேன். "எப்ப இருந்துட்டி?" என்று கேட்டாள். நான் மெஷினை ஓட்டினேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சிவகாமி பிளவுஸைப் பிரித்துவிடச் சொல்லி வந்தாள். பக்கத் தையலில் இரண்டு விரல் துணி பிடித்து வைத்துத்தான் தைத்திருந்தேன். முழுவதும் பிரித்தாயிற்று, இனி இடமில்லை. "அக்கா, இப்பப் பாருங்க" என்று என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு இடி. இதற்கு முன்னால் யாராவது இப்படிச் செய்தால் கையை இழுத்துக்கொள்வேன். இன்று இழுக்கவில்லை.

அவள் போன பிறகு ஒரு மல் துணியில் சட்டை வெட்டினேன். பிறந்த பிள்ளைக்குப் போடுகிற சட்டை. இத்தனை வருஷத்தில் ஊருக்கே தைத்திருக்கிறேன், இது மட்டும் தைத்ததில்லை. சும்மா, அளவு பார்க்கத்தான். எவ்வளவு சிறியது! கழுத்து என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடுகிறது.

அக்டோபர் 6, திங்கள்

மத்தியானம். இவர் டூட்டியில். குளியலறையில்.

முடிந்தது.

டேங்க் பக்கம் தோண்டிய மண் இன்னும் இளகலாகத்தான் இருக்கிறது. மண்வெட்டியைக் கழுவி வைத்தேன். மெஷின் டிராயரில் கிடந்த தொட்டில் இப்போது அங்கே இல்லை.

அக்டோபர் 8, புதன்

வயிற்றுவலி என்று சொன்னேன். இந்த மாதம் அதிகமாகப் போகிறது என்று சொன்னேன். இவர் லீவு போட்டுவிட்டுக் கஞ்சி காய்ச்சினார். உப்பு போட மறந்துவிட்டார். நானும் சொல்லவில்லை, குடித்தேன்.

சுடலைக்கண்ணு அண்ணாச்சி பேசியது காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. மரத்தில் குடியிருக்கிறவர்கள் என்று அவர் சொல்லவில்லை. "இதுல குடியிருக்கவுக யாரா இருந்தாலும்" என்றார். யாரா இருந்தாலும். நான் மரத்தோடு மரமாகச் சாய்ந்து நின்றேன். தட்டைப் பிடித்து, சூடம் காட்டி, சிரிக்க வேறு செய்தேன். போகச் சொன்னார்கள், போய்விட்டது. நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது.

நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதை இன்னும் அடிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

டாக்டரம்மாவிடம் தனியாகப் போனேன். வயிறு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "ஏன் முதல்லயே வரல?" என்று திட்டினார். மரத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்போதே வெட்கமாக இருந்தது. "மரம் வெட்டுனா கர்ப்பம் கலையும்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லம்மா. உன் உடம்புல ஒரு கோளாறு இருக்கு, அதைப் பாப்போம். அடுத்த தடவை..." என்றார். அடுத்த தடவை என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாள் பயந்து எழுந்து போகிற அளவுக்கு அழுதேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. இவர் டூட்டி. தூரைச் சுற்றி ஒரே துளிர். உப்பும் பெருங்காயமும் அதற்கு உரம் போலிருக்கிறது. நனைந்துகொண்டே எல்லாவற்றையும் கிள்ளினேன்.

வேர் அலுத்துப் போகுமாம். எத்தனை தடவைக்கு அப்புறம் என்று அண்ணாச்சியிடம் கேட்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று பாடுபட்டு மேலே வருகிறது, வந்ததும் கிள்ளிப்போடுகிறார்கள். வேருக்கு வாய் இருந்தால் போதும் என்று சொல்லும்.

அக்டோபர் 27, திங்கள்

நான்கு நாளாக மழை இல்லை. ஆனால் தூரைச் சுற்றி ஈரம். யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். மதினியைக் கேட்டேன், மறுபடி சத்தியம் செய்தாள். இவர் குளிக்கிற வாளி தூருக்குப் பக்கத்தில் கிடந்தது. மறந்து வைத்திருப்பார். எடுத்து உள்ளே வைத்தேன்.

நவம்பர் 3, திங்கள்

டேங்க் பக்கத்து மூலையில், மண்ணைப் பிளந்துகொண்டு ஒன்று வந்திருக்கிறது. அங்கே அறுபட்ட வேர்த்துண்டு ஏதாவது கிடந்திருக்கும்.

மற்றதையெல்லாம் கிள்ளினேன். அதைக் கிள்ளவில்லை. இடுப்பு வலி, அவ்வளவு தூரம் குனிய முடியவில்லை.

நவம்பர் 6, வியாழன்

சிவகாமிக்குப் பெண் பிள்ளை. சுகப்பிரசவம். மல் துணிச் சட்டையைக் கொடுத்து அனுப்பினேன். அளவு சரியாக இருந்ததாம்.

மூலையில் இலை விரிந்துவிட்டது. பெருமழையில் ஒடிந்துவிடும் என்று ஒரு உடைந்த ஓட்டைச் சாய்த்து மறைவாக வைத்தேன். பல் விளக்கும்போது தினமும் போய்ப் பார்க்கிறேன். முதல் இலை என் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது, இப்போது பெரிதாகிவிட்டது. காற்று இல்லாதபோதும் ஆடுகிறது. இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்: அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்குகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

மதினி வீட்டில் பிள்ளையைத் தொட்டிலில் போடும் விசேஷம். மதினி நேரில் வந்து குங்குமம் கொடுத்து அழைத்தாள். போகாவிட்டால் பொறாமை என்பார்கள், போனால் கண் படும் என்பார்கள். பட்டுச்சேலை கட்டிப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். என் கைக்குப் பிள்ளையை யாரும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் வந்துவிட்டேன்.

இவர் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மண்வெட்டி. முழங்கால்வரை மண். தூரை வழித்து எடுத்த மாதிரி சுத்தமாக்கி, மேலே சிமெண்ட் பூசியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் உலகு. இனி நீ மழையில நின்னு கிள்ள வேண்டாம்."

நான் மூலையைப் பார்த்தேன். ஓடு ஒருபக்கம் கிடந்தது. குழி.

"அங்கன ஒண்ணு ஒனக்குத் தெரியாம ஓட்டுக்குப் பின்னால வளந்து கெடந்துச்சு. அதையும் வேரோட தோண்டிட்டேன்" என்றார். கையை விரித்துக் காட்டினார். அந்தச் செடி. அதன் வேரில் சிக்கி, மண் அப்பிய ஒரு ரோஸ் துணி முடிச்சு. அதிலிருந்து தொங்கிக்கொண்டு ஒரு தோல் வார்.

இவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனார். வீட்டில் இவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"தொட்டில நாந்தான் கட்டுனேன். என் பை வாருதான், ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். தண்ணி ஊத்துனதும் நாந்தான். நீ கிள்ளக் கிள்ள நான் ஊத்துனேன். வெக்கமாத்தான் இருக்கு. நீ கோவத்துல தொட்டிலக் கொண்டுபோய்ப் புதைச்சிருக்க, தப்பில்ல. ஒடம்பு நொந்தவ நீதான. இனி நமக்கு ஒண்ணும் வேண்டாம் உலகு. மருந்து வேண்டாம், டாக்டர் வேண்டாம், மரமும் வேண்டாம். நீ இருந்தாப் போதும்." துணி முடிச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "இத எங்க போட?"

ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். இவ்வளவு நாள் சொல்லாமல்தானே இருந்தேன். ஆனால் அதை அவர் பிடித்திருந்த விதம், செத்த எலியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்திருந்தது, எனக்குத் தாங்கவில்லை.

"அப்படிப் புடிக்காதிய" என்றேன். "அது காலித் தொட்டில் இல்ல."

புரியவில்லை அவருக்கு. பிறகு புரிந்தது. மற்றக் கையைக் கொண்டுவந்து அடியில் ஏந்தினார்.

"எப்ப?"

"போன மாசம். நீங்க கஞ்சி வச்சியள்ல, அப்ப."

"அப்ப மரம் வெட்டும்போது..."

"இருந்துச்சு."

அவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "நான்லா கயித்தப் புடிச்சு இழுத்தேன்" என்றார். "உலகு, நான்லா இழுத்தேன். பாலு வடிஞ்சதே, அப்பவே எனக்கு என்னவோ போல இருந்துச்சே. சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேனே." சுவருக்கு அந்தப் பக்கம் தாலாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. இவர் வாயில் துண்டை வைத்து அடைத்துக்கொண்டு அழுதார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பட்டுச்சேலை போனால் போகிறது. "மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டாக்டரம்மா சொல்லிட்டாக. எந்தப் புத்தகத்துலயும் இல்லையாம்" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். என்னாலேயே நம்ப முடியாமல் போன அந்த வார்த்தையை அவரை நம்பவைக்கப் பாடுபட்டேன். அவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை.

முடிச்சை இருந்த இடத்திலேயே வைத்தோம். மண்ணை அவர் கையாலேயே தள்ளினார். செடியையும் பக்கத்தில் ஊன்றிப் பார்த்தார். வேர் முழுக்க அறுந்திருந்தது, நிற்கவில்லை.

நவம்பர் 17, திங்கள்

தேதி வந்துவிட்டது. சிவப்பு வட்டம் போட்டேன்.

இவர் விடிந்ததும் டூட்டிக்குப் போனார். பின்பக்கம் போகவில்லை, தெருக்குழாயில் குளித்துவிட்டுப் போனார். கக்கூஸ் அடைக்கவில்லை. தண்ணீர் நன்றாகப் போகிறது.